ஆல்டர்ஸித் துறையின் நேரப் பலகை

எங்கள் ஆல்டர்ஸியில் பாதிரியார் சொல்வதைக்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்வோம். அவ்ரில் கியூபிட் பலகையில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வோம். இருபத்தாறு வருடங்களாக அப்படித்தான் நடந்து வந்தது.

படகுத்துறையின் ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்த மரக்கடை ஒன்று உண்டு. தேநீர், நண்டு சாண்ட்விச், பிள்ளைகள் நண்டு பிடிக்க நூலும் வாளியும், நூலில் கட்டப் பன்றிக்கொழுப்புத் துண்டுகளும் அங்கே கிடைக்கும். கடைக்காரி அவ்ரில். வயது அறுபத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே நீலக் கோட்டு. வாயில் உப்பு கொஞ்சம் தூக்கல். ஒருமுறை லண்டனிலிருந்து வந்த ஒரு கனவான், வற்றிக் கிடந்த கடலைப் பார்த்துவிட்டுத் தண்ணீரெல்லாம் எங்கே என்று கேட்டார். "சாப்பிடப் போயிருக்கு, வந்துடும்" என்றாள். அவர் முகம் சுருங்கியதும் மனசு கேட்காமல், வரும் நேரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, தேநீருக்கும் காசு வாங்காமல் அனுப்பினாள். அவள் குணம் அது. முதலில் குத்துவாள், பிறகு மருந்து போடுவாள்.

கடையின் பக்கச் சுவரில்தான் அந்தக் கரும்பலகை. தினமும் காலை ஏழரைக்கு அவ்ரில் அதில் மூன்று வரி எழுதுவாள். துறையில் தண்ணீர் நிறையும் நேரம் முதல் வரி. நண்டு பிடிக்க அதுதான் தோது. படகுக்காரன் கிளிஃபர்ட் அட்டிங், சீல் என்னும் கடல்நாய்களைக் காட்டப் படகு எடுக்கும் நேரம் இரண்டாவது. மூன்றாவதைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதுவாள். அது திட்டுக்குப் போகிறவர்களுக்கு.

துறைக்கு எதிரே ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் ஒரு மைல் நீளத்துக்கு மணல் திட்டு. கடல் வற்றினால் ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும். விடுமுறைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போவார்கள். பழைய கப்பல் ஒன்றின் விலா எலும்புகள் மணலில் நீட்டிக்கொண்டிருக்கும், சிப்பி பொறுக்கலாம், தூரத்தில் சீல்கள் படுத்துத் தூங்குவதைப் பார்க்கலாம். வருடா வருடம் ஜனங்கள் எங்கள் ஊருக்கு வருவதே இந்த நடைக்காகத்தான். ஆனால் கடல் திரும்பும்போது முன்னால் வராது, முதுகுப் பக்கமாக வரும். திட்டில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பின்னால் ஓடை நிறைந்துவிடும். ஆகவே எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற அந்தச் சிவப்பு வரியில்தான் உயிர் இருக்கிறது.

துறைமுகக் கமிட்டிக்கு இந்த நடையே பிடிக்கவில்லை. "கடக்கக் கூடாது" என்று ஓர் இரும்புப் பலகை நட்டுவிட்டால் தொல்லை விட்டது என்பது அவர்கள் எண்ணம். இரண்டு வருடத்துக்கு முன் கூட்டத்தில் இதைப் பேசியபோது அவ்ரில் எழுந்து நின்றாள். இருபத்துநாலு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் பலகையில் தப்பான நேரம் இருந்ததென்று யாராவது காட்டட்டும், தானே அதைக் கழற்றி அடுப்பில் வைத்துவிடுவதாகச் சொன்னாள். யாராலும் காட்ட முடியவில்லை, இரும்புப் பலகைப் பேச்சு அதோடு நின்றது. அப்போது பெருமையாக இருந்தது. பெரிய வாக்குக் கொடுக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது அவளுடைய புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போட்ட உள்ளங்கை அளவு மஞ்சள் புத்தகம் வருடா வருடம் வரும். அதில் எல்லாமே குளிர்கால நேரம். கோடை வந்தால் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வோம், கடல் தள்ளி வைத்துக்கொள்ளாது. அதனால் கோடையில் புத்தகத்தில் இருக்கும் நேரத்தோடு ஒரு மணி கூட்டி எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பால்குடி மறந்ததும் கற்றுக்கொள்கிறார்கள். அவ்ரிலுக்குக் கூட்டுவது மூச்சு விடுகிற மாதிரி.

ஆகஸ்டு மாதத் திங்கட்கிழமை ஒன்றில் அந்த மஞ்சள் புத்தகத்தின் மேல் ஒரு குவளைத் தேநீர் கொட்டிவிட்டது. தாள்கள் ஒட்டிக்கொண்டன. படகுச் சாமான் கடைக்குப் போய், கல்லாப் பக்கத்தில் கிடந்த வேறொரு நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அதைப் பார்த்து, வழக்கம்போல ஒரு மணி கூட்டி எழுதினாள். திட்டிலிருந்து மூன்று நாற்பதுக்குள் திரும்பவும்.

நீலப் புத்தகத்தில் அந்த ஒரு மணியை அச்சடிக்கும்போதே கூட்டியிருந்தார்கள். முதல் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அதைச் சொல்லியும் இருந்தார்கள். அவ்ரில் முதல் பக்கம் பார்க்கவில்லை. நேற்று பன்னிரண்டே காலுக்கு வற்றிய கடல் இன்று எப்படி இரண்டு மணிக்குப் போய் வற்றும் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலும் பிடித்திருப்பாள். அன்றைக்கென்று கடை திறக்கும் முன்பே இருபது பேர் வாளி கேட்டு நின்றார்கள்.

அன்று காற்று பலம். திட்டுக்குப் போன மற்றவர்கள் எல்லோரும் குளிர் தாங்காமல் அரைமணியில் திரும்பிவிட்டார்கள். திரும்பாத ஒரே குடும்பம் ஹேஸ்லம் குடும்பம். டார்பி நகரத்துக்காரர்கள். ஏட்ரியன் ஹேஸ்லம் பேருந்து ஓட்டுகிறவர், ஒல்லியானவர், அதிர்ந்து பேசமாட்டார். மனைவி லொரெய்ன். மூத்தவள் இமோஜனுக்குப் பதின்மூன்று, சின்னவள் டில்லிக்கு ஒன்பது. நேரம் என்றால் ஏட்ரியனுக்கு உயிர். நிறுத்தத்திலிருந்து ஒரு நிமிடம் முன்னாலும் எடுக்க மாட்டார், பின்னாலும் எடுக்க மாட்டார். பலகை மூன்று நாற்பது என்றால் அவர் மூன்று முப்பத்தைந்துக்கு ஓடைக்கரையில் இருப்பார். இருந்தார். ஓடை அதற்குள் அவர் மார்பளவுக்கு ஏறி, இழுத்துக்கொண்டு ஓடியது.

துறையில் மூன்று மணிக்கே படகுகள் மிதக்கத் தொடங்கின. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவ்ரில் நிமிர்ந்து பார்த்தாள். நீலப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். திட்டில் யாராவது இருக்கிறார்களா என்று தொலைநோக்கியில் தேடினாள், தெரியவில்லை. மறுபடி தேடியபோது நாலு பேர் கை ஆட்டுவது தெரிந்தது. ஓடை வாயில் ஆழமான இடத்திலிருந்து படகெடுத்து, சீல்களைக் காட்டப் போயிருந்த கிளிஃபர்டுக்கு ரேடியோவில் சொன்னாள். அவன் பன்னிரண்டு பயணிகளோடு அப்படியே படகைத் திருப்பி, அந்த நாலு பேரையும் ஏற்றிக்கொண்டான். நனைந்ததும் நடுங்கியதும் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டில்லியின் ஒரு செருப்பும் சாப்பாட்டுப் பையும் கடலோடு போயின.

படகு வருவதற்குள் அவ்ரில் பலகைக்கு ஓடினாள். சிவப்பு வரியைத் துடைத்தாள். சரியான நேரத்தை எழுதத்தான் துடைத்தாள், அது சத்தியம். எழுதக் கை தூக்கும்போது படகு கரையைத் தட்டியது.

கிளிஃபர்ட் நல்லவன், ஆனால் பயந்துபோனால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். துறை நிறையக் கூட்டம். அத்தனை பேர் நடுவில் ஏட்ரியனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான்.

"ஏன் ஐயா, கையில கடிகாரம் கட்டியிருக்கீங்களே, அது என்ன அழகுக்கா? அங்க ஒரு பலகை இருக்கு. இருபத்தாறு வருஷமா அது ஒரு நிமிஷம் தப்புச் சொன்னதில்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு, அதைக்கூடப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

ஏட்ரியன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரி இருந்த இடம் ஈரமாக, வெறுமையாக இருந்தது. பக்கத்தில் துணியோடு அவ்ரில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் துணியை மடித்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். மன்னிக்கணும், என் தப்புதான் என்று அவர் கிளிஃபர்டிடம் சொன்னார். லொரெய்ன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அவ்ரில் எல்லாவற்றையும் பார்த்தாள். சின்ன ஊர், பார்க்காமல் இருக்க முடியாது. மதுக்கடையில் ஏட்ரியன் நுழைந்ததும் யாரோ மணி என்ன என்று கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். வறுத்த மீன் வாங்க வந்த இமோஜன் அப்பாவுக்குப் பத்தடி முன்னால் நடந்தாள், அவர் யாரோ எவரோ என்பதுபோல. புதன்கிழமை டில்லி நண்டு பிடிக்க வந்தபோது, அப்பாவுக்கு நேரம் பார்க்கவே தெரியலைன்னு அம்மா சொல்றாங்க, அவர் வேலையே நேரம் பாக்கறதுதான் என்று அவ்ரிலிடமே சொன்னாள். அவ்ரில் அவளுக்கு இரண்டு துண்டு கொழுப்பு அதிகமாகக் கொடுத்தாள். கொடுத்த கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது அவளுக்கு.

ஃபேக்கன்ஹமில் இருக்கும் தங்கை ஜாய்ஸ் தினமும் ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள். வியாழக்கிழமை அவளிடம் மட்டும் அவ்ரில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"விடுக்கா" என்றாள் ஜாய்ஸ். "யாரும் சாகல. அவங்க சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமில்ல? அடுத்த வாரம் கமிட்டிக்காரன் வந்து இரும்புப் பலகை நட்டுடுவான். நடையும் போச்சு, உன் கடையும் போச்சு. யாருக்காக?"

ஜாய்ஸ் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் அவ்ரிலை வதைத்தது. வெள்ளிக்கிழமை பலகை எழுதும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் அவள் எழுதிய நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு திட்டுக்குக் கிளம்பினார்கள். நன்றி என்று கை ஆட்டினார்கள். இவர்கள் என்னை நம்புகிறார்கள், அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள். 

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கமிட்டி பின்னால் கூடியது. இரண்டு மணி நேரம் கத்தினார்கள். முடிவில் நடையை மூடவில்லை, பலகையை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் விதி போட்டார்கள். இன்றைக்கும் அவ்ரிலின் எழுத்துக்குக் கீழே கிளிஃபர்டின் கோழிக்கிறுக்கல் இருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை அவளுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாம் போய்விடும் என்று நம்பித்தான் அவள் ஏழரைக்குப் பலகை முன்னால் நின்றாள்.

அன்றைய மூன்று வரிகளையும் எழுதினாள். தண்ணீர் நிறைவது பத்தே கால். படகு ஒன்பதரை. திட்டிலிருந்து ஆறு மணிக்குள் திரும்பவும். அதற்குக் கீழே, அதே சிவப்பில், அதே அளவில் இன்னொன்றும் எழுதினாள்:

செவ்வாய்க்கிழமை இங்கே எழுதியிருந்த நேரம் தவறு. மூன்று நாற்பது என்று எழுதினேன். இரண்டு நாற்பது என்று எழுதியிருக்க வேண்டும். திரு. ஹேஸ்லம் பலகை சொன்னபடிதான் நடந்தார். பிழை என்னுடையது. அதைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்ததும் நான்தான். அவ்ரில் கியூபிட்.

முதலில் வந்து படித்தவன் கிளிஃபர்ட். முகத்தில் ஈயாடவில்லை. துணியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"துடைச்சிரு அவ்ரில். நான் ஒண்ணும் பாக்கல. கமிட்டிக்காரங்க பதினோரு மணிக்கு முன்னால எழுந்திரிக்கமாட்டாங்க."

"ஒரு தடவ துடைச்சதுக்கே நாலு நாளாத் தூங்கல."

"உன் பேரு என்ன ஆகும்?"

"அதுதான் எழுதியிருக்கேனே, கடைசியில."

ஒன்பது மணிக்குள் துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாளி வாங்க வந்தவர்கள் படித்தார்கள், படித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள், அவள் தேநீர் ஊற்றினாள். புதிதாக வந்த ஒரு பெண்மணி, அப்போ இன்னைக்கு ஆறு மணின்னு போட்டிருக்கறது சரிதானா என்று கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவ்ரிலுக்குச் சுருக்கென்று இருந்தது. காயப்போட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்து வைத்திருந்த மஞ்சள் புத்தகத்தையும் நீலப் புத்தகத்தையும் எடுத்துப் அருகருகே வைத்து, விரலால் காட்டிக் கூட்டிச் சொன்னாள். அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

ஒன்பதேகாலுக்கு ஹேஸ்லம் குடும்பத்தின் கார், கூரை வரை சாமானோடு, துறைக்கு வந்து நின்றது. டில்லி கடைசியாக ஒரு நண்டு பிடித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். இறங்கி ஓடி வந்தவள் பலகை முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்கு எதையும் மனசுக்குள் படித்துப் பழக்கமில்லை. உரக்க, எழுத்துக்கு எழுத்து படித்தாள். முடிக்கும்போது துறையிலிருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

லொரெய்ன் கணவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். இமோஜன் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கிளிஃபர்டிடம் போனாள்.

"எங்க அப்பாவ எல்லார் முன்னாலயும் திட்டினீங்கல்ல. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றினான். முப்பது வருடமாக அந்தத் தொப்பிக்குக் கீழே முடி இருக்கிறதா என்று எங்களுக்குச் சந்தேகம், அன்று தீர்ந்தது. பேசத் தெரியாதவன், விசாரிக்காமப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க ஐயா என்ற மட்டில் சொல்லி முடித்தான். அவ்ரில் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.  ஏட்ரியன் முன்னால் நின்று அழுதாள். எங்களில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை.

ஏட்ரியனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. விடுங்கம்மா, விடுங்க என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஒரு படத்தைத் தேடிப் பிடித்து அவளிடம் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலை. பலகை முன்னால் இமோஜனும் டில்லியும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இருவர் தலைக்கும் நடுவில், சிவப்பில், மூன்று நாற்பது.

அவ்ரில் தொலைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள்.

"இது எப்பப் பாத்தீங்க?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"அப்பா" என்றாள் இமோஜன்.  "எங்ககிட்டயாவது காட்டியிருக்கலாம்ல?"

அவர் மகளின் தோளில் கை வைத்தார். காட்டினா நீ சும்மா இருந்திருப்பியா, அன்னைக்கே இந்தத் துறையில வந்து நின்னிருப்ப என்றார். இமோஜன் அழுதுகொண்டே சிரித்தாள், ஏனென்றால் அது உண்மை. பத்தடி முன்னால் நடந்த அந்தப் பெண் இப்போது அவர் கோட்டின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏட்ரியன் அவ்ரில் பக்கம் திரும்பினார்.

"நாங்க இன்னைக்குப் போயிடுவோம்மா. ரெண்டு பேர் சிரிச்சா எனக்கென்ன, டார்பிக்குப் போனா மறந்துடும். நீங்க இங்கயேதான இருக்கணும்."

அவ்ரில் நீலக் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயே இருக்கணுமேன்னுதான்யா எழுதினேன்" என்றாள்.